நீரைத் தாங்கும் வலை

நோன்பு மாதத்தில் நம் இல்லங்களின் இஃப்தார் விரிப்பில் இடம்பெறும் பண்டங்களுள் கடற்பாசிக்குத் தனிச் சிறப்பு உண்டு. பேரீச்சம்பழம் களைப்பைப் போக்கும். கஞ்சி பசியைத் தணிக்கும். கடற்பாசியோ, பகலெல்லாம் வறண்டு கிடந்த தொண்டைக்கு நீரையே துண்டு துண்டாக நறுக்கி வழங்குகிறது. இதை அழகுக்காகச் சொல்லவில்லை. பத்து கிராம் உலர்ந்த கடற்பாசி, ஒரு லிட்டர் நீரைக் கட்டி நிறுத்தப் போதுமானது. அதாவது, தட்டில் நாம் காணும் துண்டில் நூற்றுக்கு ஒரு பங்கே பாசி. எஞ்சியவை நீரும் பாலும் சர்க்கரையுமே. கத்தியால் அறுத்தாலும் சிந்தாத அந்த நீரை நிறுத்தி வைப்பது எது? நிற்பதுபோலத் தோன்றும் அந்த நீர் மெய்யாகவே நிற்கிறதா?

விருதுநகரில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் நான். எனக்கு இது பல்லாண்டுகள் வகுப்பறைக் கேள்வியாகவே இருந்தது. பின்னர் ஒரு கோடையில் அதுவே மருத்துவமனைக் கேள்வியாக மாறியது. அந்நிகழ்ச்சியை உரிய இடத்தில் கூறுவேன். முதலில் கடற்பாசியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

வானம் பார்த்த பூமியான விருதுநகருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நினைக்கலாம். 1985ஆம் ஆண்டு வரை எங்கள் ஊரும் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அம்மாவட்டத்தின் கரையில், மன்னார் வளைகுடாவில், மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அங்குள்ளோர் பெயரிட்டழைக்கும் பாசிகள் விளைகின்றன. பாம்பனை அடுத்த கடலோர ஊர்களின் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சையடக்கி நீருக்குள் மூழ்கி, பாறைகளிலிருந்து அவற்றைப் பறித்து வருவர். அவற்றைக் காய்ச்சி எடுக்கும் சாரமே அகர் எனப்படும் கடற்பாசி.

இதனை உலர்த்திப் பயன்படுத்தும் கலை ஜப்பானியரிடம் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பாசியைக் காய்ச்சி உறைந்த களியைக் குளிர்கால இரவில் திறந்தவெளியில் பனியாக உறைய விடுவர். பகல் வெயிலில் உருக விடுவர். உருகும்போது நீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும். அதனோடு அழுக்கும் உப்பும் நீங்கும். இழை மட்டும் எஞ்சும். நீரைப் பிடிக்கும் பொருளிடமிருந்து நீரைப் பிரிக்க, அவர்கள் பிழியவுமில்லை, எரிக்கவுமில்லை. வெப்பநிலையை மாற்றினார்கள், நீர் தானே நடந்து வெளியேறிற்று.

கடற்பாசிக்கு மற்றொரு வியப்பான குணமும் உண்டு. அது உருக வேண்டுமானால் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஆனால், உருகியபின் மீண்டும் உறைவதற்கு அது 40 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். உருகும் இடம் வேறு, உறையும் இடம் வேறு. என் அம்மா, சித்திரை வெயிலில் நோன்பு வந்த ஆண்டுகளில், காய்ச்சிய கடற்பாசியை ஊற்றிய தாம்பாளத்தை நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்துக்குள் வைப்பார்கள். வீட்டில் குளிர்பெட்டி இல்லாத காலம் அது. பாத்திரத்து நீரின் சிறு குளிர்ச்சியே அதற்குப் போதும். ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு எந்த வெயிலுக்கும் அது அசையாது.

இந்தக் குணம் மருத்துவ உலகுக்கும் பேருதவி புரிந்தது. 1881ஆம் ஆண்டளவில், ஜெர்மனியில் நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய முயன்றோர் ஜெலட்டினைப் பயன்படுத்தி வந்தனர். உடல் வெப்பமான 37 டிகிரியில் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். வால்ட்டர் ஹெஸ்ஸே என்னும் ஆய்வாளரின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பழகிய அகரைப் பயன்படுத்துமாறு யோசனை கூறினார். அதனை இராபர்ட் கோக் ஏற்றுக்கொண்டார். இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களின் தட்டுகளில் இருப்பது அந்தப் பெண்மணியின் சமையலறைப் பொருளே. விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் எந்த விலங்கினுடையதோ என்று ஐயுறும் நம் குடும்பங்கள், ஐயமற்ற கடற்பாசியை விரும்புவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, முதற் கேள்விக்கு வருவோம். கடற்பாசியைப் போன்று நீரைத் தாங்கி நிற்கும் பொருள்களை அறிவியலார் ஹைட்ரோஜெல் என்பர். நாம் நீர்க்களி என்று அழைப்போம். நீர்க்களிக்குள் கண்ணுக்குத் தெரியாத நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னி, மீன்வலைபோல் அமைந்துள்ளன. வலையின் கண்கள்தோறும் நீர் நிரம்பியிருக்கிறது. அந்நீர் சிறைப்பட்ட நீரன்று. ஒவ்வொரு நீர் மூலக்கூறும், சாதாரண நீரில் திரிவதைப் போலவே ஏறக்குறையத் தடையின்றித் திரிகிறது. ஆனால், எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு பக்கமாக ஓட முடியாது, வலை தடுக்கிறது. சந்தைக் கூட்டத்தில் தனி மனிதன் நுழைந்து நுழைந்து போய்விடலாம். ஓர் ஊர்வலம் போக இயலாதல்லவா? அதைப் போன்றது இது.

களி நீரைக் குடித்துப் பருப்பதும், நீரை விட்டுச் சுருங்குவதும் நிகழ வேண்டுமானால், நீர் மட்டும் நகர்ந்தால் போதாது. வலையும் நகர வேண்டும். வலை விரியும்போது நீரோடு உராய்ந்துகொண்டே விரிகிறது. ஆகவே அது மெல்லத்தான் நடக்கும். எவ்வளவு மெல்ல என்பதை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய தொயோய்ச்சி தனாக்கா என்னும் ஜப்பானிய இயற்பியலார், தம் துணைவர் ஃபில்மோருடன் சேர்ந்து 1979இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்த விதி எளியது: களியின் பருமன் இரு மடங்கானால், ஊறுவதற்கு ஆகும் காலம் நான்கு மடங்கு, பருமன் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் மணி ஒரு மணி நேரத்தில் ஊறுமெனில், அதே பொருளாலான பத்து மில்லிமீட்டர் மணிக்கு நூறு மணி நேரம், அதாவது நான்கு நாளுக்கு மேல் ஆகும்.

நம் இல்லத்தரசியர் இவ்விதியைக் கணக்கின்றியே அறிவர். சப்ஜா விதையை இஃப்தாருக்குக் கால் மணி நேரம் முன்னால் நனைத்தால் போதும். அதன்மேல் படரும் களி மெல்லிய உறையே. பாதாம் பிசினையோ முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். அவசரமென்றால் பிசினை உடைத்துப் போடுவர். உடைத்த சிறு துண்டுகள் விரைவில் ஊறுவது தனாக்காவின் விதிப்படியே. பொருள்களின் தன்மை வேறாயினும், பருமன் கூடக் காலம் பெருகும் என்னும் நியதி எல்லாவற்றுக்கும் பொதுவானது.

தனாக்கா வேறொன்றையும் கண்டார். 1978இல் அவர் வெளியிட்ட ஆய்வு, சில களிகளின் சூழலைச் சிறிதளவே மாற்றினாலும் அவை படிப்படியாக அன்றி, சட்டெனச் சுருங்கிவிடுவதைக் காட்டியது. இவ்வகையில் பெரிதும் ஆராயப்பட்டது, பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்னும் நீண்ட பெயருடைய செயற்கைப் பொருள். இதன் களி 32 டிகிரிக்குக் கீழே நீரைப் பருகிப் பருத்து, கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். அந்த எல்லையைத் தாண்டியதும், இழைகள் நீரின் கையை உதறிவிட்டுத் தமக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. வலை சுருங்குகிறது, நீர் வெளியே தள்ளப்படுகிறது, களி வெண்மையாகிவிடுகிறது. குளிர்வித்தால் மீண்டும் பருகத் தொடங்குகிறது. சூடு பட்டால் கடற்பாசி உருகும், இதுவோ சுருங்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இக்களியை மெல்லச் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீர் முழுவதும் ஒழுங்காக வெளியேறிவிடும். திடீரெனச் சூடாக்கினால், மேற்புறம் மட்டும் முதலில் சுருங்கி, நெருங்கி, ஒரு தோல்போல் மூடிக்கொள்கிறது. உள்ளேயுள்ள நீருக்கு வழியடைபட்டுவிடுகிறது. விரைவுபடுத்த எண்ணிக் கொடுத்த வெப்பமே வேகத்தைக் கெடுத்துவிடுகிறது.

இதற்கு நிகரானதை எங்கள் கரிசல் நிலத்தில் காணலாம். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழை அவ்வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கும். சிறிது நேரத்தில் களிமண் நீரைக் குடித்துப் பருத்து, வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்யும் மழை மேலேயே தேங்கி நிற்கும். தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், இத்தகைய வறண்ட நிலங்களுக்கென்றே பூசா ஹைட்ரோஜெல் என்ற பொருளை உருவாக்கியது. அது தன் எடையைப்போல் 350 மடங்கு தூய நீரை உறிஞ்ச வல்லது. வெப்பம் 40, 50 டிகிரியை எட்டும் மண்ணிலும் சிறப்பாகப் பருகுவது. வேருக்கருகே இட்டால், மழை ஓய்ந்த நாள்களில் நீரைச் சிறுகச் சிறுகக் கொடுப்பது. நீரில் உப்பு மிகுந்தால் இவ்வகைக் களிகளின் பருகும் ஆற்றல் குறைந்துவிடும் என்பதை உப்புக் கிணற்றுப் பாசனம் செய்வோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

எங்கள் வட்டாரத்தின் வறட்சி வேளாண்மையை வாட்டியது. வேறொரு தொழிலை வளர்த்தது. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் சிவகாசியில் அதனை நிலைநாட்டினர். மழை குறைந்த, ஈரமற்ற காற்று தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று. விளைச்சல் பொய்த்த ஊர்களின் மக்கள் ஆலைகளுக்குச் சென்றனர். நீரில்லாமையே இத்தொழிலின் முதல். நெருப்பு அதன் விளைபொருள். அந்நெருப்பு நேரம் தவறி எழும்போது நேர்வதை இம்மாவட்டம் பலமுறை கண்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏற்பட்ட வெடிவிபத்து, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒருவர், இருவராகத் தீக்காயமுற்று, செய்தித்தாளின் மூலையில் நான்கு வரியாக முடிந்தவர்கள் எத்தனையோ பேர்.

அத்தகைய நான்கு வரிகளுள் ஒன்று எங்கள் குடும்பத்தையும் சேர்ந்தது. என் சின்னம்மாவின் மகள், சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலைக்குத் திரி வைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கோடை நாளில் பக்கத்து அறையில் பற்றிய தீ அவள் கைகளையும் முதுகையும் தாக்கியது. அறைக்கு வெளியே இருந்த தொட்டியில் ஒரு சாண் நீரே இருந்ததாம். உடனிருந்த பெண்கள் அதனை மொண்டு இரண்டு குடம் ஊற்றினர். உடனே வண்டி தேடி ஓடினர். வழியில் எவரோ ஒருவர், நல்லெண்ணத்தில்தான், புண்ணின்மேல் பேனா மையை ஊற்றியிருக்கிறார்.

மருத்துவமனையில் அவளுக்குப் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினார்கள். நரம்பு வழியே ஒன்று தீர, மற்றொன்று தொங்கியது. சின்னம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, இத்தனை தண்ணியும் எங்கேப்பா போவுது?" என்று கேட்டார்கள். அதுவரை நான் எதிர்கொண்ட வேதியியல் கேள்விகளுள் அதைவிடக் கடினமானது வேறில்லை.

அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நம் தோலும் ஒருவகை நீர்க்களியே. கொலாஜன் என்னும் இழைவலையில் நீர் தங்கியிருக்கிறது. தீ பட்டதும் அவ்வலை குலைகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி சதைக்குள் இறங்கி வீக்கமாகிறது. மூடும் தோலில்லாத இடத்தில் ஆவியாகிப் போகிறது. வெளியே தெரிவது புண். உள்ளே நிகழ்வது வறட்சி. எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்பதற்கு, 1968 முதல் வழங்கிவரும் ஒரு கணக்கு உண்டு. உடல் எடையைக் கிலோகிராமிலும், வெந்த பரப்பை நூற்றுமேனியிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்துக்கான மில்லிலிட்டர் கிடைக்கும். ஐம்பது கிலோ எடையுள்ளவளுக்கு முப்பது பங்கு வெந்திருந்தால் 6 லிட்டர். அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து முதல் எட்டு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். சின்னம்மாவுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. "உடம்புக்குள்ளேதான் போகுது சின்னம்மா, அவளைக் காக்கத்தான் போகுது" என்றேன். அல்லாஹ்வின் அருளால் அவள் பிழைத்தாள். கைவிரல்கள் முழுதும் மடங்குவதில்லை. ஆயினும் இன்று தன் பிள்ளைகளுக்குத் தானே தலைவாரிவிடுகிறாள்.

அந்த வார்டில்தான், தீப்புண்ணுக்கு நீர்க்களியையே கட்டாகப் போடுவதுண்டு என்று அறிந்தேன். போலந்து நாட்டின் உட்ஜ் நகரில் ரோசியாக் என்னும் அறிஞர் 1980களில் இதற்கொரு வழி கண்டார். செயற்கை பாலிமருடன் அகரையும் சேர்த்துக் காய்ச்சி, அச்சில் உறையவிட்டு, அதன்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். இழைகள் பிணைந்து வலையாவதும், கிருமிகள் அழிவதும் ஒருசேர நிகழ்ந்தன. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் கதிர்வீச்சு முறையில் இத்தகைய கட்டுகளை உருவாக்கியது. அக்கட்டு புண்ணைக் குளிர்விக்கும், காயவிடாது காக்கும், கசியும் நீரை ஏற்றுக்கொள்ளும், எடுக்கும்போது புதுத்தோலைப் பிய்க்காது. நம் விரிப்பில் இனிப்பாக வரும் கடற்பாசி, வேறோரிடத்தில் புண்ணுக்குப் போர்வையாகிறது.

32 டிகிரியில் மனம் மாறும் அந்தச் செயற்கைக் களிக்கும் இதில் பங்குண்டு. தோக்கியோவில் தெருவோ ஒக்கானோவும் அவர் குழுவினரும் 1990இல், வளர்ப்புத் தட்டின்மேல் அதனை மிக மெல்லிய படலமாகப் பூசினர். 37 டிகிரியில் உயிரணுக்கள் அதன்மேல் ஒட்டி வளர்கின்றன. பின்னர் தட்டைக் குளிர்வித்தால், படலம் நீரைப் பருகி விரிகிறது. வளர்ந்த உயிரணுக்கள் கிழியாமல், ஒரே விரிப்பாக மிதந்து எழுகின்றன. படலம் மிக மெல்லியதாகையால் நீர் புகுவதும் விரைவாகிறது. 2004இல் ஒசாக்கா மருத்துவர்கள், நோயாளியின் வாயின் உட்தோலிலிருந்து இம்முறையில் வளர்த்த விரிப்பைக் கண்ணின் மேற்பரப்பில் பொருத்திப் பார்வையை மீட்டளித்ததாக அறிவித்தனர்.

இவை யாவும் வியக்கத்தக்கவை. ஆயினும் எங்கள் வட்டாரத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவது இவற்றினும் எளியது. வெப்பமும் நீரைப்போலவே பருமனின் விதிக்குக் கட்டுப்பட்டது. தீ பட்ட கணத்தில் சதைக்குள் புகுந்த சூடு, ஒரு குடம் நீரில் வெளியேறிவிடாது. மேற்புறம் குளிர்ந்ததுபோல் தோன்றும். ஆழத்திலிருக்கும் சூடு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் மருத்துவர்கள், தீப்புண்ணின்மேல் குளிர்ந்த குழாய்நீர் 20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும் என்கின்றனர். ஐஸ் வேண்டாம், அது நலிந்த தோலை மேலும் கெடுக்கும். மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்; அவை புண்ணின் ஆழத்தை மறைத்து, மருத்துவரின் கணிப்பைத் தடுமாறச் செய்யும். நீரூற்றியபின் தூய துணியால் தளர்வாகப் போர்த்தி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 2022இல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அந்த முதல் 20 நிமிடம் மருத்துவமனையின் கையில் இல்லை. விபத்து நடந்த அறையின் வாசலில்தான் இருக்கிறது.

20 நிமிடம் ஓடும் நீர் என்பது, தொட்டியின் அடியில் கிடக்கும் ஒரு சாண் நீரால் ஆகிற காரியமன்று. தண்ணீர் லாரி வரும் நாளை எண்ணி வாழும் ஊர்களில், அதனை முன்கூட்டிச் சேமித்தாக வேண்டும். ஒவ்வொரு வேலையறையின் அருகிலும் நிரம்பிய தொட்டியும் திறந்தால் ஒழுகும் குழாயும் இருக்கின்றனவா என்று, வேலைக்குச் செல்லும் நம் பெண்கள் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கத் தயங்கினால் குடும்பத்தார் கேட்க வேண்டும். நிர்வாகிகள் கேட்கப்படுமுன்னரே நிரப்பி வைக்க வேண்டும். வலை தன் வேகத்தில்தான் விரியும். சூடு தன் வேகத்தில்தான் இறங்கும். அவற்றை நம்மால் அவசரப்படுத்த முடியாது. அவை கேட்கும் காலம் முழுவதும் நீர் நிற்காமல் ஓடும்படி செய்வது மட்டும் நம்மால் முடியும். அது முடியும்போது செய்யாதிருப்பதற்கு நமக்கு ஒரு நியாயமும் இல்லை.